நான்காம் பகுதியின் முன் படம்

நாடு முழுக்க நகரங்களைப் புதுப்பிக்கிறோம் என்று கிளம்பிய பெரிய திட்டத்தின் வால் நுனி, அனகாபுத்தூரில் ஒரு குறுகலான தெருவில் வந்து முடிந்தது. அந்த நுனியில்தான் எனக்கு வேலை. அனகாபுத்தூர் அந்தத் திட்டத்தின் பட்டியலில் உண்டா என்று யாராவது கேட்டால் கொஞ்சம் இழுத்துத்தான் பதில் சொல்ல வேண்டும். பெரிய திட்டத்தோடு ஒட்டிக்கொண்டு வந்த சின்னத் திட்டம். அதே விதிகள், அதே கணினித் தளம், அதே கெடு. தெருவில் யாருக்கும் இந்த வித்தியாசம் தேவைப்படவில்லை. 'ஸ்மார்ட் சிட்டி வேலை' என்றே எல்லாரும் சொன்னார்கள். நானும் சொந்தக்காரர்களிடம் அப்படித்தான் பீற்றிக்கொண்டேன்.

வேலை என்னவோ மழைநீர் வடிகால்தான். தெரு முனையிலிருந்து அடையாற்றங்கரை வரை, நாலு பகுதியாக. அதை ஸ்மார்ட் ஆக்குவது ஒரு கம்பம். கம்பத்தில் நீர்மட்டத்தை அளக்கும் சென்சார். வடிகாலில் தண்ணீர் ஏறினால் எங்கோ ஒரு கட்டுப்பாட்டு அறையில், சுவர் அகலத் திரையில், சிவப்பு விளக்கு எரியும். நான் இதை வாய் வலிக்கத் தெருவில் விளக்கிக்கொண்டிருந்தபோது, ஆற்றுப் பக்கத்துக் கடைசி வீட்டு மீன்கார அக்கா குறுக்கே பேசினார்.

"ஏம்மா, தண்ணி வந்தா எங்க காலுக்குத் தெரியாதா? அத்த டிவில வேற போட்டுக் காட்டணுமா?"

தெருவே சிரித்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கோபம் வர எனக்குப் பெரிய காரணம் எதுவும் தேவைப்படாது. சிட்லபாக்கத்திலிருந்து ஸ்கூட்டரில் பல்லாவரம் தாண்டி வருவதற்குள் ஒரு நாளைக்குத் தேவையான கோபம் சேர்ந்துவிடும். ஆனால் அக்காவிடம் அது நிற்கவில்லை. அவர் பட்டினப்பாக்கம் பக்கம் மீனவக் குடும்பத்தில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவர். விடிவதற்குள் காசிமேடு போய் மீன் எடுத்து வந்து, தன் வீட்டு வாசல்படியில் உட்கார்ந்து விற்பார். மூன்று படி. மேல்படியில் அவர், நடுப்படியில் கூடை, கீழ்ப்படியில் அரிவாள்மனையும் தண்ணீர்ச் சட்டியும். கடை என்று தனியாக ஒன்றும் கிடையாது, அந்தப் படிதான் கடை. அவர் வீட்டுக்குள் ஐஸ் பெட்டி செங்கல் அடுக்கிய மேடையில்தான் இருக்கும். ஒவ்வொரு மழைக்கும் தெருத் தண்ணீர் முதலில் போய் விசாரிப்பது அவர் வீட்டைத்தான்.

இந்தத் திட்டங்களில் பணம் எப்படி வரும் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். மொத்தமாக வராது. மத்தியிலிருந்து ஒரு பங்கு, மாநிலத்திலிருந்து ஒரு பங்கு, அதுவும் தவணை தவணையாக. வந்த தவணைக்கு வேலை நடந்தது என்று சான்று போனால்தான் அடுத்த தவணை அசையும். அந்தச் சான்றுக்கு உயிர் கொடுப்பது படம். ஒவ்வொரு பகுதிக்கும் மூன்று படங்கள்: வேலைக்கு முன், வேலை நடக்கும்போது, வேலை முடிந்த பின். எந்த இடத்தில், எந்த நேரத்தில் எடுத்தது என்பது படத்துக்குள்ளேயே பதிந்திருக்க வேண்டும். முன் படம் ஏறினால்தான் நடுப் படத்துக்கான கட்டம் திறக்கும். நடுப் படம் ஏறினால்தான் கடைசிக் கட்டம்.

படம் எடுத்து ஏற்றுவது என் பொறுப்பு. "சிவில் படிச்சுட்டு போட்டோ புடிச்சுட்டு இருக்கியே" என்று அம்மா கேட்பாள். அவளுக்கு என்ன தெரியும்? ஒரு படம் ஏறி, திரையில் அந்தப் பகுதி சிவப்பிலிருந்து மஞ்சளாகி, சதவீதம் ஒரு படி ஏறும் பாருங்கள், எனக்கு விசில் அடிக்க வேண்டும் போலிருக்கும். டெல்லியில் யாரோ ஒருவர் இந்த நிமிஷம் என் தெருவைப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். இருந்தாலும் நினைத்துக்கொள்வேன்.

முதல் மூன்று பகுதிகள் மளமளவென்று முடிந்தன. முறைப்படி ஆற்றுப் பக்கத்திலிருந்துதான் தொடங்கியிருக்க வேண்டும். ஆனால் நான்காம் பகுதியில்தான் வீட்டுப் படிகள் தெருவுக்குள் நீட்டிக்கொண்டிருந்தன. படியை இடித்தால்தான் வடிகாலுக்கு வழி. அந்த வீட்டுக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இரண்டு மாதம் ஓட்டினார்கள். முதலில் சரி என்றது அக்காதான்.

"மழைக்கு முன்னாடி முடிச்சுக் குடுத்துருவியா?"

"கண்டிப்பா, அக்கா. மேல மூடி போட்டு அது மேலயே உங்களுக்குப் புதுப் படி கட்டித் தருவோம்."

"உன் மூஞ்ச நம்பித்தான் ஒத்துக்கறேன். வேற யார் மூஞ்சியயும் இல்ல."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவர் ஒப்புக்கொண்டதும் மற்ற வீடுகளும் ஒப்புக்கொண்டன.

ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை பூஜை போட்டோம். எங்கள் வேலையில் பூஜை போடாமல் எந்த இயந்திரமும் மண்ணைத் தொடாது. ஜேசிபிக்குச் சந்தனம், குங்குமம், டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம், பூசணிக்காயில் சூடம் எல்லாம் தயார். இயந்திரம் மட்டும் வரவில்லை. பம்மலில் எங்கோ மாட்டிக்கொண்டு, பத்தேகாலுக்கு ஆடி அசைந்து வந்து சேர்ந்தது. பத்தரைக்கு ராகு காலம்.

அப்புறம் நடந்ததெல்லாம் ஒரே ஓட்டம். அக்கா தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு கத்தினார்: "அய்யோ, ராகு காலம் வந்துகினு கீது! மண்ணுல கைய வைங்கடா!" நானும் மணியைப் பார்த்து அலறினேன், "போடுங்க, போடுங்க!" அக்கா தேங்காயை உடைத்தார். எலுமிச்சம்பழம் நசுங்கியது. பத்து இருபத்தெட்டுக்கு ஜேசிபியின் கை அக்காவின் கீழ்ப்படியைக் கவ்வியது. எல்லாரும் கைதட்டினோம். நான் பூசணிக்காயைப் படம் எடுத்தேன், மாலை போட்ட இயந்திரத்தைப் படம் எடுத்தேன், இனிப்பு கொடுப்பதைப் படம் எடுத்தேன்.

தெருவை எடுக்கவில்லை. அது எனக்கு உறைக்கவும் இல்லை. பள்ளம் தோண்டியாயிற்று, இனி கான்கிரீட்தான் என்ற கட்டத்தில் தவணை தாமதமானது. ஒப்பந்தக்காரர் இயந்திரத்தை வேறு ஊருக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார். பணம் வந்தால் திரும்பி வருவார், அது வழக்கம்தான் என்று நான் சும்மா இருந்தேன். அக்கா பள்ளத்தின்மேல் பலகை போட்டுக் கூடையை வாசலுக்குள் இழுத்துக்கொண்டார். பலகையைத் தாண்டி வந்து மீன் வாங்கப் பாதிப் பேர் பயந்தார்கள்.

புரட்டாசியில் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் எங்கள் எஞ்சினியர் சார் என்னைக் கூப்பிட்டார். பதற்றப்படாத மனிதர். அன்றைக்கு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்திருந்தார்.

"மேடம், ஸ்கீம் க்ளோஸ் பண்றாங்க. சர்க்குலர் வந்துருக்கு. ஆரம்பிச்ச வேலைக்கு மட்டும்தான் கடைசித் தவணை. ஆரம்பிக்காத வேலையெல்லாம் ட்ராப். நாளைக்கு சாயங்காலம் ஆறு மணிக்கு போர்ட்டல் லாக் ஆகுது, அப்புறம் ஆரம்பிச்ச வேலைக்கு மட்டும்தான் படம் ஏத்த முடியும்."

"நம்மது எல்லாம் ஆரம்பிச்சாச்சே, சார்."

அவர் திரையை என் பக்கம் திருப்பினார். மூன்று பகுதிகள் பச்சை. நான்காவது சிவப்பு. பக்கத்தில் 'தொடங்கப்படவில்லை' என்று இருந்தது.

பார்த்த உடனே புரிந்துவிட்டது. முன் படம் இல்லை. அதனால் நடுப் படத்துக்கான கட்டம் திறக்கவே இல்லை. இடுப்பளவுப் பள்ளம் தோண்டி, நாலு வீட்டுப் படியை இடித்த வேலை, கணினியைப் பொறுத்தவரை இன்னும் பிறக்கவே இல்லை. இன்னொன்றும் புரிந்தது. மேலே கட்டி முடித்த மூன்று பகுதிகளும் இப்போது தெருவின் மொத்தத் தண்ணீரையும் ஒழுங்காகத் திரட்டிக்கொண்டு வந்து அக்காவின் வாசல் பள்ளத்தில் கொட்டும். நாங்கள் வராமலே இருந்திருந்தால் அவருக்கு இந்தக் கதி வந்திருக்காது. ஐப்பசிக்கு இன்னும் பத்துப் பதினைந்து நாள்தான் இருந்தது.

ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளர் போனில் ரொம்பச் சுலபமாக வழி சொன்னார். "பக்கத்துத் தெருவ எடுங்க மேடம். லொகேஷன் மாத்தறதுக்கு ஆப் கீது, நான் அனுப்பறேன்." நான் அவரைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. நேர்மை ஒரு காரணம். பயமும் ஒரு காரணம். இரண்டாவதுதான் பெரிய காரணம் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

சார் மட்டும் ஒரு நூல் பிடித்துக் கொடுத்தார். "விதியில ஒரு இடம் இருக்கு. வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி வேற யாராவது அதே இடத்தை எடுத்த படம் இருந்தா ஏத்தலாம். ஆனா எடுத்த போன்லருந்தே ஏத்தணும். லொகேஷன், தேதி ரெண்டும் படத்துக்குள்ள இருக்கணும். வாட்ஸ்அப்ல சுத்தி வந்தது செல்லாது. அதுல லொகேஷன் போயிடும்."

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் தெருவில் நின்றேன். அக்கா பலகையில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தார். புரட்டாசி என்பதால் வியாபாரம் மந்தம், காசிமேடும் போகவில்லை.

"அக்கா, ஆபீஸ்ல இந்தத் தெருவோட பழைய போட்டோ ஒண்ணு கேக்கறாங்க. இன்னிக்குள்ள குடுக்கலன்னா இந்த வேலை நின்னுடும்." அவ்வளவுதான் சொன்னேன். யாருடைய தப்பு என்று சொல்லவில்லை. ஏதோ ஆபீஸ் பேஜார் என்று அவர் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

வேலை நின்றுவிடும் என்றதுமே அவர் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டுப் புடவையைச் செருகிக்கொண்டார். அடுத்த அரைமணி நேரத்தில் தெருவிலிருந்த எல்லா போன்களும் வாசலுக்கு வந்துவிட்டன. அப்படி ஒரு காலையை நான் பார்த்ததில்லை. காதுகுத்து, புது பைக், மஞ்சள் நீராட்டு, மேளத்தோடு போகும் நிக்காஹ் ஊர்வலம், கொட்டும் மழையில் மிதந்து போகும் பிளாஸ்டிக் நாற்காலி என்று ஒரு தெருவின் வாழ்க்கை முழுவதும் என் கண்முன் ஓடியது. ஒவ்வொன்றையும் பார்த்தவுடன் நெஞ்சு துள்ளும். பைக் படத்தில் அக்காவின் படியே தெரிந்தது! ஆனால் அது மச்சான் அனுப்பியது, வாட்ஸ்அப்பில் வந்தது. ஊர்வலம் எதிர்ப்பக்கம் பார்த்து எடுத்தது. மழை வீடியோ அருமையாக இருந்தது, அந்த போனில் லொகேஷன் அணைத்துக் கிடந்தது. "பேட்டரி சீக்கிரம் எறங்குதுன்னு அமுத்தி வச்சிட்டேன்கா" என்றாள் அந்தப் பெண், என்னவோ என் குழந்தையைக் கீழே போட்டுவிட்டவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

மணி மூன்று ஆயிற்று. நான் பள்ளத்து விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். எதிர் வீட்டு மாடியை வெறித்துக்கொண்டிருந்தேன். மாடி ஜன்னலுக்கு வெளியே, சன்ஷேடில், ஏசியின் வெளிப்பெட்டி உட்கார்ந்திருந்தது. அக்காவும் நான் பார்த்த இடத்தைப் பார்த்தார். திடீரென்று என் தோளில் ஓங்கி அடித்தார்.

"ஏய், ஏசி பாய்!"

"யாரு?"

"அந்தப் பொட்டிய கழுவ வருவாரே, அந்த பாய். இந்த வெயில் காலத்துல வந்தாரு. அந்த ஜன்னல்ல தொங்கிகினு கீழப் பாத்து போட்டோ எடுத்தாரு. நான் இங்க மீன் ஆஞ்சிகினு இருந்தேன். என்னையா படம் புடிக்கறன்னு அரிவாமனைய தூக்கிகினு நின்னேன் பாரு, தெருவே கூடிச்சு. அய்யோக்கா, பொட்டிய எடுத்தேன், ஒன்ன எடுக்கலன்னாரு. அழிடான்னேன். அழிச்சிட்டேன்னு சத்தியம் பண்ணாரு."

"அழிச்சிட்டாரா?"

அக்கா மறுபடி அந்த ஜன்னலைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல்முறையாக, தான் சண்டையில் ஜெயித்ததற்காக வருத்தப்படும் ஒரு முகத்தை அன்று பார்த்தேன்.

எதிர் வீட்டில் நம்பர் வாங்கிப் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அவர் மனைவியின் நம்பரையும் வாங்கிப் போட்டோம். கூடுவாஞ்சேரிக்குக் குடி வந்துவிட்டோம், இங்கே புது மனைப்பிரிவு ஒன்றில் ஒரு வீட்டுக்கு ஏசி மாட்டிக்கொண்டிருக்கிறார் என்றார் அந்த அம்மா. மனைப்பிரிவின் பெயரையும் சொன்னார். அக்கா யாரிடமோ ஹெல்மெட்டைப் பிடுங்கித் தலையில் மாட்டிக்கொண்டு என் ஸ்கூட்டரில் பின்னால் ஏறிவிட்டார். மணி மூன்றரை.

பம்மல், பல்லாவரம், ஜிஎஸ்டி ரோடு. வெள்ளிக்கிழமை மாலை, ஊருக்குப் போகும் கார்களெல்லாம் அப்போதே முண்டியடிக்க ஆரம்பித்துவிட்டன. குரோம்பேட்டையில் நான் ஒரு பஸ்ஸைத் திட்டினேன். தாம்பரத்தில் பஸ் என்னைத் திட்டியது. அக்கா பின்னாலிருந்து, "லெப்ட்ல போ! அந்த வேனு வுடமாட்டான், ரைட்ல போ!" என்று என் இடுப்பைக் குத்திக்கொண்டே வந்தார். பயமும் சந்தோஷமும் ஒன்றாகக் கலந்து எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. அந்தச் சிரிப்புத்தான் என்னைக் குத்தியது. என்னை நம்பித் தன் கடையை இடித்தவர், என் தப்பைச் சரிசெய்ய என் பின்னாலேயே உட்கார்ந்து வருகிறார், அது தெரியாமல் சிரிக்கிறார். என்னால் தாங்க முடியவில்லை.

பெருங்களத்தூர் சிக்னலில் சிவப்பு விழுந்தது. திரும்பாமலே சொன்னேன்.

"அக்கா, அந்த போட்டோவ நான்தான் எடுத்திருக்கணும். அது என் வேலை. பூஜை அன்னிக்கு மறந்துட்டேன். ஆபீஸ் தப்பு இல்ல. என் தப்பு."

பச்சை விழுந்தது. வண்டலூர் வந்தது, போயிற்று. ஊரப்பாக்கம் வரும்போதுதான் வாயைத் திறந்தார்.

"என் படிய இடிக்கத் தெரிஞ்சுது. அத்த ஒரு போட்டோ புடிக்கத் தெரியலையா உனக்கு?"

"தப்புதான், அக்கா."

"பூசணிக்காய மட்டும் புடிச்ச."

"ஆமா, அக்கா."

"லட்டு குடுத்தத வேற புடிச்ச."

"ஆமா."

கொஞ்ச தூரம் போனதும் அவர் கை என் தோளுக்கு வந்தது. "ராகு காலம் ராகு காலம்னு கத்துனது நானு. தேங்கா உடைச்சது நானு. நீ மட்டும் இன்னாத்துக்கு அழுவற? முன்னாடி பாத்து ஓட்டு, லாரி வந்துகினு கீது."

நான் அழுதுகொண்டிருந்தது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

மனைப்பிரிவைக் கண்டுபிடித்தபோது மணி நாலே முக்கால். பாதி மனை புல், பாதி மனை புது வீடுகள். ஒரு வீட்டின் இரண்டாம் மாடியில் சாரத்தில் நின்றுகொண்டு ஒருவர் பெட்டியை முடுக்கிக்கொண்டிருந்தார். அக்கா கீழிருந்து குரல் கொடுத்தார்.

"பாய்!"

அவர் குனிந்து பார்த்தார். அக்காவைப் பார்த்ததும் கையிலிருந்த ஸ்பேனரை மார்போடு அணைத்துக்கொண்டார். மாதக்கணக்கில் மனதில் வைத்திருந்து, கூடுவாஞ்சேரி வரை தேடி வந்து சண்டை போடுகிறாள் என்றுதான் நினைத்திருப்பார்.

"அக்கா, அன்னிக்கே அழிச்சிட்டேன்னு சொன்னேனே!"

"நெசமா அழிச்சிட்டியா?"

"அல்லா மேல..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். பொய்ச் சத்தியம் செய்ய மனசு வரவில்லை போலும். கீழே இறங்கி வந்து, தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். "அழிக்கலக்கா. தப்பா எடுத்துக்காதீங்க. வேலைக்கு முன்னாடி ஒரு போட்டோ, வேலைக்குப் பின்னாடி ஒரு போட்டோ, எந்த வூட்டுக்குப் போனாலும் எடுத்து வச்சிப்பேன். ஒரு தபா, கிரில்ல ஒடைச்சது நீதான்னு என் தலையில கட்டிட்டாங்க. அதுலருந்து படம் எடுக்காம ஸ்க்ரூவத் தொடமாட்டேன்."

நான் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். வெட்கமாகவும் இருந்தது. பட்டம் வாங்கிய நான் மறந்ததை, யாரும் கேட்காமலே ஒவ்வொரு நாளும் செய்துகொண்டிருக்கிறார் அந்த மனிதர். அக்காவோ அவர் முதுகில் ஒன்று வைத்தார். "அழிச்சிருந்தேன்னு வை, இன்னிக்கு உன்ன வுட்டிருக்க மாட்டேன்."

அவர் போனில் ஆயிரக்கணக்கான ஏசி பெட்டிகள். விரலால் தள்ளித் தள்ளி சித்திரை மாதத்துக்குப் போனார். நின்றார். மூன்று தலைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

படத்தின் ஒரு மூலையில் தூசி படிந்த வெளிப்பெட்டி. மீதி முழுக்க எங்கள் தெரு. ஓரமாகக் கறுப்புத் தண்ணீரோடு திறந்த சாக்கடை, அக்காவின் வீடு, மூன்று படிகள். மேல்படியில் அக்கா, ஒரு கையில் அரிவாள்மனை, இன்னொரு கை வானத்தை நோக்கி, வாய் முழுசாகத் திறந்து, நேராகப் படத்தைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தார். கீழே தேதி, இடம். கம்பெனி கேட்பதால் லொகேஷனை அவர் அணைப்பதே இல்லையாம்.

"நல்லாத்தான் கீறேன்" என்றார் அக்கா.

படம் ஏற்றும் செயலியை அவர் போனில் இறக்க வேண்டும். அங்கே சிக்னல் ஒரு கோடு. மாடிக்கு ஓடினோம், அதற்கும் மேலே கைப்பிடிச் சுவர் இல்லாத மொட்டைமாடிக்கு ஓடினோம். பாய் போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இந்தப் பக்கம் ரெண்டு கோடு! மேடம், இங்க வாங்க!" என்றார். செயலி இறங்கிற்று. என் பயனர் பெயர், கடவுச்சொல். அவசரத்தில் இரண்டு முறை தப்பாக அடித்தேன். மூன்றாவது முறை தப்பானால் பூட்டிக்கொள்ளும். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். மீன் வாசனையடிக்கும், கெட்டியான, ஆடாத கை. ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். திறந்தது.

படத்தைத் தேர்ந்தெடுத்து அழுத்தினேன். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. ஐந்தே முக்கால். ரயில் ஒன்று தூரத்தில் ஸ்டேஷனை விட்டுக் கிளம்பும் சத்தம் கேட்டது. ஐந்து ஐம்பது. வட்டம் நின்றது.

நான்காம் பகுதி: 'தொடங்கப்பட்டது'. சிவப்பு போய் மஞ்சள்.

நான் கத்திய கத்தலில் கீழே வீட்டுக்காரர் வெளியே ஓடி வந்துவிட்டார். சார் போனில், "மேடம், வந்துருச்சு, வந்துருச்சு!" என்றார். அவர் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதே இல்லை. பிறகு, "அந்தப் படத்துல இருக்கறவங்க நம்மளத்தான் திட்டறாங்களா?" என்று கேட்டார்.

தவணை வந்தது. இயந்திரமும் திரும்பி வந்தது. இரவு பகலாக வேலை நடந்தது என்று எழுத ஆசைதான். பகலில் மட்டும்தான் நடந்தது. ஆனால் ஐப்பசியின் முதல் பெருமழைக்கு இரண்டு நாள் முன்னால் மூடி போட்டு, அதன்மேல் மூன்று படி கட்டிக் கொடுத்தோம். இந்த முறை ராகு காலம், எமகண்டம் எதுவானாலும் கல்லைத் தொடும் முன் நான் நடுப் படத்தை எடுத்துவிட்டேன். ஒன்றுக்கு ஒன்பது.

மழை அடித்துப் பெய்த காலையில் கட்டுப்பாட்டு அறையிலிருந்து போன் வந்தது. நீர்மட்டம் கட்டுக்குள் இருக்கிறது, தண்ணீர் ஆற்றுக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்று ஒரு பையன் ரொம்ப உற்சாகமாகச் சொன்னான். தெரியும் என்றேன். பத்து நிமிஷம் முன்னாலேயே அக்கா சொல்லிவிட்டார்.

பின் படம் பாக்கி இருந்தது. முன் படம் எடுத்த அதே கோணத்தில் எடுக்க வேண்டும் என்பது விதி. அதனால் எதிர் வீட்டு மாடிக்குப் போய், பாய் தொங்கிய அதே ஜன்னலில் நானும் தொங்கினேன். கீழே மழை கொட்டிக்கொண்டிருந்தது. தெருவில் தண்ணீர் நிற்கவில்லை. அக்கா புதுப் படியின் மேல்படியில், பெரிய குடைக்கு அடியில். நடுப்படியில் கூடை. கீழ்ப்படியில் சட்டி. ஒரு அம்மா குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு வஞ்சிரத்துக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்.

"அக்கா! இங்க பாருங்க! பின் படம்! டெல்லிக்குப் போகுது!"

அவர் நிமிரவில்லை. தராசைப் பிடித்தபடியே கத்தினார். "யாவாரம் நடக்கறது தெரியல? எடுத்துகினு போம்மா, சொம்மா தொல்ல பண்ணிகினு!"

எடுத்தேன். அலுவலகத்தில் சார் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முதல் படத்தில் அக்கா உலகத்தையே பார்த்துக் கத்துகிறார். இரண்டாவதில் குனிந்து ஒரு மீனின் செவுளைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருக்கிறார்.

"மேடம், இவ்ளோ மழை பெய்யுது, இந்தம்மா தண்ணிய ஒரு தடவ கூட திரும்பிப் பாக்கலையே?" என்றார் சார்.

"ஆமா, சார்" என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைசிக் கட்டத்தை அழுத்தினேன்.